தேவைப்படும்போது கணக்கிடும் கம்பைலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, சென்னிமலை, கரூர் பக்கத்துத் தறிக்கூடங்களுக்கு ஜக்கார்டு டிசைன் எழுதுவோர் பயன்படுத்தும் சிறிய டிசைன் மொழி ஒன்றைக் கோவையில் இருந்துகொண்டு எங்கள் குழு பராமரித்து வருகிறது. துணியின் கரை, உடல், முந்தி ஆகியவற்றின் அளவையும் நிறத்தையும் உருவத்தையும் அந்த மொழியில் எழுதித் தந்தால், ஒவ்வோர் ஊடை (குறுக்கு) இழைக்கும் எந்தெந்தப் பாவு (நீள) இழைகள் மேலே எழ வேண்டும் என்ற அட்டைக்கோப்பைக் கம்பைலர் உருவாக்கித் தரும். இந்தக் கம்பைலரின் உள்ளமைப்பைக் கட்டம் கட்டமாக ஓடும் முறையிலிருந்து, கோரிக்கை வந்தால் மட்டும் கணக்கிடும் முறைக்கு மாற்றி வருகிறோம். குழுவில் புதிதாகச் சேரும் பொறியாளர்களும் டிசைன் எழுதுவோரும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

பழைய கம்பைலர் ஒழுங்காகத்தானே ஓடியது? அதை ஏன் தொட வேண்டும்?

டிசைன்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தவரை ஒழுங்காகவே ஓடியது. அதன் அமைப்பு பாடங்களில் எல்லோரும் படித்ததுதான்: எல்லாக் கோப்புகளையும் படித்துச் சின்டாக்ஸ் மரமாக்குவது (எழுதியதன் பகுதிகளைக் கிளைகளாகப் பிரித்து அடுக்குவது) முதல் கட்டம், பெயர் எதைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பது அடுத்தது, பிறகு நூல் நிறங்கள், பிறகு அகலங்கள், இறுதியில் அட்டைக்கோப்பு. ஒரு கட்டம் எல்லா டிசைன்களுக்கும் முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். நினைவகம் அருமையாக இருந்த காலத்தின் ஏற்பாடு இது. 1960-களில் ஐபிஎம் 1401 கணினிக்கு எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் கம்பைலரில் 63 கட்டங்கள் இருந்தன. பயனரின் நிரல் நினைவகத்திலேயே தங்கியிருக்க, கம்பைலரின் கட்டங்கள்தாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்து தம் வேலையை முடித்துவிட்டு வெளியேறின.

எங்களுக்குச் சிக்கல் வந்தது மரத்தின் கணுக்களில் இருந்த காலிப் புலங்களால்தான். ஒவ்வொரு கணுவிலும் 'அகலம்', 'நிறம்', 'இழை எண்ணிக்கை' என்று புலங்கள் இருக்கும். உரிய கட்டம் வந்து நிரப்பும்வரை அவற்றில் பூஜ்யம் இருக்கும். நிரப்பப்பட்ட பூஜ்யத்துக்கும் நிரப்பப்படாத பூஜ்யத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஒரு டிசைனின் கரையை மற்றொரு டிசைனிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதியை மொழியில் சேர்த்தபோது, இந்த டிசைனின் அகலக் கட்டத்துக்கு அந்த டிசைனின் அகலக் கட்டம் முன்பே முடிந்திருக்க வேண்டியதாயிற்று. கோப்புகளின் வரிசை அதற்கு ஒத்துவராத இடங்களில், "இன்னும் நிரப்பவில்லை என்றால் இப்போதே நிரப்பு" என்ற அழைப்புகள் ஆங்காங்கே செருகப்பட்டன. அப்படிச் செருகப்பட்ட ஒவ்வொன்றும் தேவைப்படும்போது கணக்கிடுவதுதான். ஆனால் எது யாரை அழைக்கிறது என்ற பதிவோ, அழைப்பு சுற்றி வந்து தன்னையே அழைக்கிறதா என்ற கண்காணிப்போ இல்லாமல் நடந்தது. புதிய அமைப்பு இதை ஒளிவுமறைவின்றிச் செய்கிறது.

கோரிக்கை என்பது சரியாக என்ன?

விடை ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடிய ஒரு கேள்வி. "இந்த டிசைனின் உடல் அகலம் எவ்வளவு?" என்பது ஒரு கோரிக்கை. அதற்கு ஒரு வகைப்பெயரும் (உடல் அகலம்), ஒரு சாவியும் (எந்த டிசைன்), விடையைக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனும் உண்டு. அந்த ஃபங்ஷன் வேறெதையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மற்றொரு கோரிக்கையின் வழியாகத்தான் கேட்க வேண்டும். கணுவின் புலத்தை நேரே எட்டிப் பார்க்கக் கூடாது, எதையும் மாற்றவும் கூடாது.

எல்லாக் கோரிக்கைகளும் மதிப்பீட்டான் என்ற ஒரே வாயில் வழியாகச் செல்கின்றன. அது முதலில் கேஷில் (கணக்கிட்ட விடைகளைச் சேமித்துவைக்கும் இடத்தில்) விடை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், இதே கோரிக்கை இப்போது பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தன் அடுக்கில் தேடும். இருந்தால் அது சுழற்சி. அதுவும் இல்லையென்றால் கோரிக்கையை அடுக்கின் மேல் வைத்து, ஃபங்ஷனை ஓட்டி, அது வழியில் கேட்ட மற்றக் கோரிக்கைகளை எல்லாம் அதன் சார்புகளாகப் பதிந்து, விடையைக் கேஷில் வைத்துவிட்டுத் திருப்பித் தரும்.

திருப்பூரில் ஆர்டர் கையில் வந்த பிறகே நூல் வாங்கி நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் அனுப்புகிறார்களே, அதே போக்குத்தான் இங்கும். "இந்தச் சேலையின் அட்டைக்கோப்பு வேண்டும்" என்ற ஒரே கோரிக்கை வெளியிலிருந்து வருகிறது. அது இழை எண்ணிக்கையைக் கேட்கிறது, இழை எண்ணிக்கை அகலத்தைக் கேட்கிறது, அகலம் பெயரைத் தீர்மானிக்கச் சொல்கிறது, பெயர் கோப்பைப் படிக்கச் சொல்கிறது. 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 பாவு இழை என்றால் 2,880 இழை என்ற கணக்கு, யாரோ அதைக் கேட்ட நொடியில்தான் போடப்படும். நூலகத்தில் கிடக்கும், இந்தச் சேலைக்குத் தொடர்பில்லாத டிசைன்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஹாஸ்கல் மொழியில் இருக்கும் தாமத மதிப்பீடும் இதுவும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவு உண்டு. தேவைப்படும்போது ஒரு முறை மட்டும் கணக்கிட்டு விடையை வைத்துக்கொள்ளும் முறையை வாட்ஸ்வொர்த் 1971-இலேயே விவரித்தார். விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்களைப் பற்றி டொனால்டு மிக்கி 1968-இல் எழுதினார். ஆனால் ஹாஸ்கலில் தள்ளிவைக்கப்பட்ட கணக்குக்குப் பெயர் இல்லை. அது நினைவகத்தின் ஒரு மூலையில் கிடக்கும், முடிந்ததும் விடையாக மாறிவிடும். எங்கள் கோரிக்கைக்குப் பெயரும் சாவியும் இருப்பதால் அதை வட்டில் எழுதலாம், நாளைய ஓட்டத்தின் விடையோடு ஒப்பிடலாம், சுழற்சி ஏற்பட்டால் வழியைப் பெயர் சொல்லிக் காட்டலாம். நடைமுறையில் பயன் தருவது இந்தப் பெயர்தான்.

பெரிய கம்பைலர்கள் எவையேனும் இப்படி மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலரில் நடுப்பகுதி முழுவதும் இன்று இத்தகைய கோரிக்கைகளால் (அங்கு அவற்றுக்கு வினவல்கள் என்று பெயர்) ஆனது. அதன் மேல் கட்டப்பட்ட, மாறியதை மட்டும் மறுபடி தொகுக்கும் வசதி 2018 பிப்ரவரியில் வந்த 1.24 பதிப்பில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அங்கும் பார்சர் (கோப்பைப் படித்து மரமாக்கும் பகுதி), மேக்ரோ விரித்தல் (சுருக்கமாக எழுதியதை முழு நிரலாக்குவது), பெயர்த் தீர்மானம் ஆகிய முன்பகுதி வேலைகள் பெரும்பாலும் வினவல்களுக்கு வெளியேதான் நின்றன. எல்லாவற்றையும் மாற்றினால்தான் பயன் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஓர் அறிவிப்பைப் பற்றிய அத்தனையையும் ஒரே மூச்சில் சரிபார்த்து, விடைகளை மரத்திலேயே எழுதிவைக்கும் ஒரு பெரிய ஃபங்ஷன் அதில் இருந்தது. 2018-இல் கோரிக்கை மதிப்பீட்டானை உள்ளே கொண்டுவந்து, அந்தப் பெரிய ஃபங்ஷனின் பொறுப்புகளை ஒவ்வொன்றாகக் கோரிக்கைகளாகப் பிரித்தெடுத்து, கடைசியில் அந்த ஃபங்ஷனையே நீக்கினார்கள். ஒரே நாளில் புரட்டிப் போடாமல், மக்கள் அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்தார்கள்.

மைக்ரோசாஃப்டின் ரோஸ்லின் (2014-இல் திறந்த மூலமானது) சி-ஷார்ப் மொழியின் குறியீடுகளைத் தேவைப்படும்போதுதான் நிறைவு செய்கிறது. டைப்ஸ்கிரிப்ட்டின் சரிபார்ப்பானும் ஒரு பெயரின் டைப்பை யாராவது கேட்டால்தான் கண்டுபிடிக்கும். ரஸ்ட்-அனலைசர் என்ற எடிட்டர் கருவி, சால்சா என்ற நூலகத்தின் மேல் முழுக்க இந்த முறையில் எழுந்தது. ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே விடை சொல்ல வேண்டிய கருவிகளில்தான் இந்த அமைப்பு முதலில் ஊன்றியது என்பதைக் காணலாம்.

ஆக, வேகம்தான் நோக்கமா?

இல்லை. இந்தக் கேள்விக்கு எங்கள் குழுவுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. நான் என் கருத்தைச் சொல்கிறேன். எதுவும் கேஷில் இல்லாத முதல் ஓட்டத்தில், கோரிக்கை முறை பழைய முறையைவிடச் சற்று மெதுவாகவே ஓடக்கூடும். ஒவ்வொரு கேள்விக்கும் சாவியை ஹேஷ் செய்து (ஒரு சுருக்க எண்ணாக்கி) தேட வேண்டும், சார்பைப் பதிய வேண்டும், விடையை வைக்க இடம் வேண்டும். முன்பு ஒரு புலத்தைப் படிப்பதோடு முடிந்த வேலை அது. இரண்டாம் ஓட்டத்திலிருந்துதான் ஆதாயம், அதுவும் மாற்றம் சிறிதாக இருந்தால்தான்.

இந்த மாற்றத்தின் முதல் ஆதாயம், வரிசை யாருடைய பொறுப்பும் இல்லாமல் போவதுதான் என்று நினைக்கிறேன். பழைய கம்பைலரில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும் பொறியாளர், தனக்கு வேண்டிய தகவல் எந்தக் கட்டத்தில் தயாராகிறது என்று முழு அமைப்பையும் தலையில் வைத்திருக்க வேண்டும். புதிய அமைப்பில் வேண்டியதைக் கேட்டால் போதும். அது தயாராக இல்லையென்றால் தயாராகும், தயாராகவே முடியாதென்றால் ஏன் என்று தெரியும். வேகம் போதவில்லை என்ற குறை மட்டுமே உங்களுக்கு இருந்தால், முதலில் ப்ரொஃபைலரை (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் கருவியை) ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வேறெங்காவது ஓர் எளிய காரணம் கிடைக்கும்.

கோரிக்கைகள் சுற்றி வந்து தம்மையே கேட்டால் என்ன ஆகும்?

அதிகம் விவாதிக்கப்படும் இடம் இதுதான். எனவே ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். துணியின் மொத்த அகலம் 48 அங்குலம். இரு பக்கமும் கரை. ஒருவர் இப்படி எழுதுகிறார்: உடல் அகலம் என்பது மொத்தத்திலிருந்து இரண்டு கரைகளைக் கழித்தது; கரை அகலம் என்பது உடலில் எட்டில் ஒரு பங்கு. மனிதர் ஒருவர் தாளில் போட்டுப் பார்த்தால் கரை 4.8 அங்குலம், உடல் 38.4 அங்குலம் என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஒன்றின் வரையறையில் மற்றது இருப்பதால், ஒவ்வொன்றாகக் கணக்கிடும் எந்த நிரலுக்கும் இது சுழற்சிதான்.

பழைய கம்பைலர் இதற்கு என்ன செய்தது? கோப்பில் கரை முதலில் எழுதப்பட்டிருந்தால், நிரப்பப்படாத உடல் அகலத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு கரை 0 என்றது. கரையே இல்லாத துணி கிடைத்தது. உடல் முதலில் எழுதப்பட்டிருந்தால், கரையைப் பூஜ்யமாக எடுத்து உடல் 48 என்றும், அதைக் கொண்டு கரை 6 என்றும் சொன்னது. கூட்டினால் 60 அங்குலம். இரண்டு நிலையிலும் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

புதிய கம்பைலர், கரை அகலம் உடல் அகலத்தைக் கேட்டது, உடல் அகலம் கரை அகலத்தைக் கேட்டது என்று வழியை வரிவரியாகக் காட்டி நிறுத்திவிடும். இந்த நேரியல் சமன்பாட்டை அதுவே தீர்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தீர்க்கலாம், ஆனால் அது மொழியில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டிய ஒரு வசதி, சுழற்சியைக் கையாளும் இடத்தில் திருட்டுத்தனமாகச் செய்யும் வேலையன்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சுழற்சி கண்டறியப்பட்டதும் கேட்டவருக்கு ஏதோ ஒரு மாற்று விடையைக் கொடுத்துத் தொடரலாம் என்று தோன்றும். மாற்று விடை 0 என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து உள்ளே நுழைந்தால், உடல் 48, கரை 6 என்று முடியும். உடலிலிருந்து நுழைந்தால், கரை 0, உடல் 48 என்று முடியும். நுழைந்த வாசலைப் பொறுத்து விடை மாறுகிறது. அதைக் கேஷில் வைத்துவிட்டால் பழைய நோய் புதிய பெயரோடு திரும்பி வந்துவிடும். ஆகவே எங்கள் விதி, சுழற்சியில் பங்கேற்ற எல்லாக் கோரிக்கைகளுக்கும் 'பிழை' என்ற விடையைப் பதிவது. அந்தப் பிழை விடையைப் பெறும் வெளிக் கோரிக்கைகள் மேலும் செய்தி எதையும் எழுப்பாமல் அமைதியாக விலகிக்கொள்வது. நிலைப்புள்ளி (விடை இனி மாறாத நிலை) வரும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் வழி, விடைகள் ஒரே திசையில் மட்டும் வளரும் என்று உறுதியாகத் தெரிந்த கோரிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

சுழற்சிகளில் பொய்யானவையும் உண்டு. "டிசைனின் எல்லா விவரமும் கொடு" என்று ஒரு பெரிய கோரிக்கை இருந்து, முந்தியின் நிறத்தைத் தெரிந்துகொள்ள அதைக் கேட்டால், நிறத்துக்குத் தொடர்பே இல்லாத அகலக் கணக்கு உள்ளே வந்து சுற்றை உண்டாக்கிவிடும். தரவில் சுழற்சி இருக்காது. கேள்வி பெரிதாக இருப்பதுதான் குற்றம். கேள்வியைப் பிரித்தால் போய்விடும்.

அப்படியென்றால் ஒரு கோரிக்கை எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்?

இதற்குச் சூத்திரம் கிடையாது. மிகப் பெரிதாக இருந்தால் மேலே சொன்ன பொய்ச் சுழற்சிகள் வரும், சிறு மாற்றத்துக்கும் பெரிய கணக்கு மறுபடி ஓடும். மிகச் சிறிதாக இருந்தால், கணக்கைவிடக் கணக்குப்பிள்ளை வேலை அதிகமாகிவிடும். தனித்து மாறக்கூடியதும், தனித்துக் கேட்கப்படக்கூடியதுமான ஒன்றுக்குத் தனிக் கோரிக்கை என்பதே நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். ஓர் இழையின் நிறம் என்ற அளவுக்கு நாங்கள் இறங்குவதில்லை. ஒரு கரையின் நிறப்பட்டியல் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

அளவைவிட முக்கியம் எதை விடையில் சேர்க்காமல் விடுவது என்பது. கோப்பின் தலையில் ஒருவர் ஒரு குறிப்பு வரியைச் சேர்க்கிறார். கீழே உள்ள எல்லா வரி எண்களும் நகர்ந்துவிடும். கரையின் வரையறையோடு வரி எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தால், எதுவுமே மாறாத அத்தனை டிசைன்களும் மாறியதாகத் தோன்றும். எனவே வரி எண்களைத் தனி அட்டவணையில் வைத்து, பிழைச் செய்தி எழுதும் நேரத்தில் மட்டும் அதைக் கேட்கிறோம். ரஸ்ட்-அனலைசரில் இதே சிந்தனை ஒரு கடுமையான விதியாகவே இருக்கிறது: ஒரு ஃபங்ஷனின் உடலுக்குள் தட்டச்சு செய்வதால் அதற்கு வெளியே பெறப்பட்ட பொதுத் தகவல் எதுவும் செல்லாததாகிவிடக் கூடாது.

எது மாறியது, எது மாறவில்லை என்பது எப்படித் தெரியும்?

ஒவ்வொரு விடையுடனும், அது கடைசியாக எந்தத் திருத்தத்தில் சரிபார்க்கப்பட்டது, எந்தத் திருத்தத்தில் உண்மையிலேயே மாறியது என்ற இரண்டு எண்கள் இருக்கும். ஒரு கோப்பு மாறியதும் கம்பைலர் எதையும் அழிப்பதில்லை. திருத்த எண்ணை ஒன்று கூட்டுவதோடு சரி. பிறகு யாராவது ஒரு விடையைக் கேட்டால், அதன் சார்புகளை ஒவ்வொன்றாக விசாரிக்கும். எதுவும் மாறவில்லை என்றால் பழைய விடையே செல்லும். ஒரு சார்பு மறுபடி ஓடி, ஆனால் பழைய விடையையே தந்தால், மாற்றம் அங்கேயே தடைபட்டு நிற்கும். குறிப்பு வரியைச் சேர்த்தவருக்குப் பார்சர் மட்டும் ஓடி, அதற்கு மேல் எதுவும் ஓடாமல் போவது இதனால்தான். ரஸ்ட் கம்பைலர் விடைகளை முழுதாக ஒப்பிடுவதற்குப் பதிலாக 128 பிட் கைரேகை (விடையிலிருந்து பெறும் ஒரு சுருக்க எண்) ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது.

சார்புகளை, அவை முதலில் கேட்கப்பட்ட அதே வரிசையில்தான் விசாரிக்க வேண்டும். உடல் அகலக் கோரிக்கை "கரை இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால் மட்டும் "கரை எவ்வளவு அகலம்?" என்று கேட்கிறது. டிசைனர் கரையை நீக்கிவிட்ட பிறகு, இரண்டாவது சார்பை முதலில் விசாரித்தால், இல்லாத கரையின் அகலத்தைக் கணக்கிட முயன்று கம்பைலர் விழுந்துவிடும்.

பிழைச் செய்திகளைக் கோரிக்கைக்குள்ளிருந்தே அச்சிடலாமா?

கூடாது. அச்சிடுவது பக்கவிளைவு. கேஷிலிருந்து விடை வரும்போது ஃபங்ஷன் ஓடாது, எனவே செய்தியும் வராது. நேற்று பிழை காட்டிய டிசைன் இன்று எதையும் திருத்தாமலே சுத்தமாகத் தெரியும். செய்திகளை விடையின் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட வேண்டும். கோரிக்கைகள் எந்த வரிசையில் ஓடும் என்று சொல்ல முடியாது என்பதால், கடைசியில் அவற்றைக் கோப்பில் உள்ள இடவரிசைப்படி அடுக்கி, இரட்டித்தவற்றை நீக்கி வெளியிடுகிறோம்.

அச்சிடுவது கண்ணுக்குத் தெரியும் பக்கவிளைவு, தெரியாதவைதாம் தொல்லை. ஒரு கோரிக்கை கணினியின் கடிகாரத்தையோ, சூழல் மாறியையோ, வட்டில் உள்ள நிறப்பட்டியலையோ நேரடியாகப் படித்தால், அந்தச் சார்பு எங்கும் பதிவாகாது. ஹேஷ் அட்டவணையை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து அதே வரிசையில் விடையை எழுதுவது, நினைவக முகவரியைச் சாவியாக்குவது ஆகியவையும் இந்த வகையே; ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு ஓட்டங்களில் இரண்டு விடை வரும். ரஸ்ட் குழுவே இதைச் சந்தித்தது. 2021 மே 6 அன்று வெளியான 1.52.0 பதிப்பில், கைரேகைகள் உண்மையிலேயே பொருந்துகின்றனவா என்ற சோதனையை எல்லோருக்கும் இயக்கினார்கள். அதுவரை மறைந்திருந்த பொருத்தமின்மைகள் பயனர்களிடம் கம்பைலர் நொறுங்குவதாக வெளிப்பட்டன. நான்கு நாட்களில் வந்த 1.52.1 பதிப்பில், மாறியதை மட்டும் மறுபடி தொகுக்கும் வசதியையே இயல்பு நிலையில் அணைத்துவைத்தார்கள். ஜூலை இறுதியில் வந்த 1.54-இல்தான் மீண்டும் இயக்கினார்கள். தவறான அட்டைக்கோப்பைத் தருவதைவிட நொறுங்குவது மேல் என்பதால், அதே சோதனையை எங்கள் கம்பைலரிலும் முதல் நாளிலிருந்தே வைத்திருக்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்பைலரை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

முழுவதையும் புதிதாக எழுதும் எண்ணத்தைக் கைவிடுவதிலிருந்து. அடுத்து, மதிப்பீட்டானைக் கேஷும் சுழற்சிக் கண்டறிதலும் மட்டும் உள்ளதாக எழுதுங்கள். திருத்த எண்களும் வட்டுச் சேமிப்பும் பிறகு வரட்டும். பின்னர் மரத்தில் உள்ள ஒரே ஒரு புலத்தைத் தேர்ந்தெடுங்கள். எளிதான புலத்தை எடுத்தால் எதையும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். வரிசைச் சிக்கலால் அதிகம் பிழை வந்த புலமே தக்கது. எங்களுக்கு அது அகலம்.

அந்தப் புலத்தை வெளியார் தொட முடியாதபடி மறைத்துவிட்டு, அதைப் படிக்கும் எல்லா இடங்களையும் ஒரு ஃபங்ஷன் வழியாகத் திருப்புங்கள். எங்கெல்லாம் படிக்கப்படுகிறது என்பதை உங்கள் கம்பைலரே பிழைகளாகப் பட்டியலிட்டுக் கொடுக்கும். அந்த ஃபங்ஷனுக்குள் கோரிக்கையை வையுங்கள். இப்போது பழைய அகலக் கட்டம், எல்லாக் கணுக்களுக்கும் அந்த ஃபங்ஷனை ஒரு முறை அழைக்கும் வெறும் சுற்றாகச் சுருங்கிவிடும். அதை உடனே நீக்காதீர்கள். அது இருக்கும்வரை வெளியில் தெரியும் நடத்தை மாறாது. தன் பங்குக்கு எந்த வேலையும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு நாள் நீக்கிவிடலாம். அடுத்த புலத்துக்குப் போங்கள்.

ஒவ்வொரு படியிலும் பழைய கம்பைலரும் புதியதும் ஒரே டிசைன் நூலகத்துக்குத் தரும் அட்டைக்கோப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு வந்தால் புதியதுதான் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். கோப்பு வரிசையால் தற்செயலாகக் கிடைத்த அகலங்களைச் சரியென்று நம்பித் துணி நெய்துகொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். அத்தகைய டிசைன்களைத் தனியாகப் பட்டியலிட்டு, டிசைனரையும் தறிக்கூட மாஸ்டரையும் கேட்டு, அகலத்தை வெளிப்படையாக எழுதச் செய்ய வேண்டும்.

பார்சரையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு கோப்புக்கு ஒரு கோரிக்கை போதும். எங்கள் கோப்புகள் சிறியவை, பார்சர் வேகமானது.

பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டலாமா?

கோரிக்கைகள் எதையும் மாற்றாதவை என்பதால் கொள்கையளவில் தடை இல்லை. நடைமுறையில் இரண்டு சிக்கல்கள். இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே கோரிக்கையை ஒரே நேரத்தில் கேட்டால், ஒன்று கணக்கிட மற்றது காத்திருக்க வேண்டும். அடுத்து, முதல் த்ரெட் கரையைக் கணக்கிட்டுக்கொண்டே உடலுக்காகவும், இரண்டாவது உடலைக் கணக்கிட்டுக்கொண்டே கரைக்காகவும் காத்திருந்தால், தனித்தனி அடுக்குகளைப் பார்க்கும் கண்காணிப்புக்குச் சுழற்சி தெரியாது. இரண்டும் காலமெல்லாம் காத்திருக்கும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற பொது வரைபடம் வேண்டும். இப்போதைக்கு நாங்கள் ஒரே த்ரெட்டில்தான் ஓட்டுகிறோம். ஆழமான சார்புகளுக்கு ஸ்டாக் (பாதியில் நிற்கும் அழைப்புகளுக்கான நினைவக இடம்) போதாமல் போனதால் அதன் அளவை மட்டும் கூட்டிவைத்திருக்கிறோம்.

எழுதும் நடுவே மின்சாரம் நின்றால் வட்டுக் கேஷ் என்ன ஆகும்?

தறிக்கூடத்து அலுவலகக் கணினிகளில் இது கற்பனைக் கேள்வி இல்லை. கேஷைத் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறோம். திறக்கும்போது அதன் செக்சம் (உள்ளடக்கம் கெடவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்தாவிட்டாலோ, கம்பைலரின் பதிப்பு வேறாக இருந்தாலோ, கேள்வி கேட்காமல் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து கணக்கிடும். கேஷ் தொலைந்தால் நேரம் மட்டுமே தொலைய வேண்டும்.

டிசைன் எழுதுபவராகிய எனக்கு என்ன மாறும்? என் பழைய கோப்புகளைத் திருத்த வேண்டுமா?

மொழி மாறவில்லை, சுழற்சி உள்ள கோப்புகளையும் கோப்பு வரிசையால் தற்செயலாக அகலம் கிடைத்த கோப்புகளையும் தவிர மற்றவற்றைத் திருத்த வேண்டியதில்லை. கரையின் நிறத்தை மாற்றினால் முன்னோட்டத்தில் கரை மட்டும் புதிதாக வரும். அகலமும் உடலின் உருவமும் மறுபடி கணக்கிடப்படாது.

பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கேட்ட டிசைனுக்குத் தேவைப்படாத டிசைன்களை கம்பைலர் பார்ப்பதே இல்லை என்பதால், அவற்றில் உள்ள பிழைகளையும் அது சொல்லாது. முன்பெல்லாம் யாரோ எப்போதோ எழுதிவைத்த பாதி டிசைன் ஒன்று நூலகத்தில் இருந்தால் உங்கள் வேலையும் நின்றுபோகும், இனி நிற்காது. ஆனால் அந்தப் பாதி டிசைன் அப்படியே கிடக்கும். நூலகம் முழுவதையும் சோதிக்க 'அனைத்தையும் சரிபார்' என்ற கட்டளை தனியே உண்டு. அது எல்லா டிசைன்களின் அட்டைக்கோப்பையும் கேட்டுப் பார்த்து, எதையும் எழுதாமல் பிழைகளை மட்டும் பட்டியலிடும். புதிய டிசைனை நூலகத்தில் சேர்ப்பதற்கு முன்பு அதை ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.